சட்டம் கேளுங்கள்: டிடி 214இல் விழுந்த கறை நீங்குமா?

அமெரிக்கப் படைகளில் பணியாற்றி, ‘ஹானரபிள்’ (கௌரவமான) அல்லாத டிஸ்சார்ஜோடு (பணி விடுவிப்போடு) வீடு திரும்பியவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலோர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால், ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். ஒருவருடைய கோப்பைப் பார்க்காமல் அவருடைய வழக்கு வெல்லுமா என்று சொல்ல முடியாது. எந்தக் கதவை எப்போது, எதைக் கையில் வைத்துக்கொண்டு தட்டுவது என்பதைச் சொல்ல முடியும்.

என் மகன் நான்கு வருடம் ராணுவத்தில் இருந்தான். கடைசியில் ‘அதர் தேன் ஹானரபிள்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் போனால் அது தானாகவே ‘ஹானரபிள்’ ஆகிவிடும் என்று அங்கே சொன்னார்களாம். இரண்டு வருடம் ஆகிறது, ஒரு தகவலும் இல்லை. இன்னும் காத்திருக்க வேண்டுமா?
— ஒரு தாய், சான் அன்டோனியோ

காத்திருக்க வேண்டாம் அம்மா. தானாக எதுவும் மாறாது. ஆறு மாதத்தில் மாறிவிடும் என்ற பேச்சு முகாம்களில் பல தலைமுறையாக உலவுகிறது. அதை நம்பிப் பலர் ஆண்டுகளைத் தொலைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் போட்டு, வாரியம் பரிசீலித்து, ஆணை பிறப்பித்தால்தான் அந்தத் தாள் மாறும்.

முதலில் மகனிடம் டிடி 214 என்ற பணி விடுவிப்புப் படிவத்தை வாங்கிப் பாருங்கள். அதில் குறும்பிரதி, முழுப்பிரதி என்று இரண்டு வகை உண்டு. குறும்பிரதியில் நமக்கு வேண்டிய கீழ்ப்பகுதியே இருக்காது. ‘மெம்பர்-4’ என்று அச்சிட்ட முழுப்பிரதிதான் தேவை. அதில் 24ஆம் கட்டம் டிஸ்சார்ஜின் தரத்தைச் சொல்லும். 25ஆம் கட்டம் எந்த விதியின் கீழ் அனுப்பினார்கள் என்பதையும், 26ஆம் கட்டம் அதற்கான குறியீட்டையும் சொல்லும். 27இல் மறுபடி சேர முடியுமா என்ற குறியீடும், 28இல் காரணமும் இருக்கும். வேலைக்கு எடுப்பவர்கள் 24ஐ மட்டுமல்ல, 28ஐயும் படிக்கிறார்கள். அங்கே ‘மிஸ்காண்டக்ட், போதைப்பொருள்’ என்று இருந்தால், தரம் உயர்ந்த பிறகும் கேள்வி கேட்பார்கள். ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றக் கேட்க வேண்டும்.

தரங்களில் மேலே இருப்பது ‘ஹானரபிள்’. அடுத்தது ‘ஜெனரல்’. அதற்கும் கீழே ‘அதர் தேன் ஹானரபிள்’. இந்த மூன்றும் நிர்வாக ஆணையால் வருபவை. ‘பேட் காண்டக்ட்’, ‘டிஸ்ஹானரபிள்’ இரண்டும் ராணுவ நீதிமன்றம் தண்டனையாக விதிப்பவை. உங்கள் மகன் தண்டிக்கப்பட்ட குற்றவாளி அல்ல. அவருக்கு நடந்தது நிர்வாக நடவடிக்கை. வேலை விண்ணப்பங்களில் ‘குற்றத் தீர்ப்பு உண்டா’ என்ற கேள்விக்கு இந்த டிஸ்சார்ஜை மட்டும் வைத்து ‘ஆம்’ என்று எழுதத் தேவையில்லை. பயத்தில் பல பிள்ளைகள் அப்படி எழுதிவிடுகிறார்கள்.

2012இல் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பினேன். தூக்கம் போனது, சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும். கஞ்சா புகைக்க ஆரம்பித்தேன். சிறுநீர்ச் சோதனையில் பிடிபட்டு 2013 மார்ச்சில் ‘அதர் தேன் ஹானரபிள்’ கொடுத்து அனுப்பினார்கள். பல வருடம் கழித்து ஒரு தனியார் மருத்துவர் இது பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பு) என்றார். எப்படி விண்ணப்பிப்பது? என்ன எழுதுவது?
— வாசகர், வடக்கு கரோலைனா

உங்கள் நிலையில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

நீங்கள் போக வேண்டிய இடம் ராணுவத்தின் டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியம். படிவம் டிடி 293. கட்டணம் கிடையாது. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் போட வேண்டும். உங்களுக்கு 2028 மார்ச் வரை. இந்தக் கெடுவை வாரியம் தளர்த்தாது. கடற்படைக்கும் மரைன் படைக்கும் ஒரே வாரியம். விமானப்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் தனித்தனி வாரியங்கள். முகவரிகள் படிவத்திலேயே அச்சிட்டிருக்கும்.

கோப்பு கைக்கு வருமுன் படிவத்தை அனுப்பாதீர்கள். பெரும்பாலான தோல்விகள் இந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன. அரசு அதிகாரிகள் விதிப்படிதான் நடந்திருப்பார்கள் என்ற அனுமானத்தோடு வாரியம் உட்காருகிறது. அதை உடைக்கும் ஆதாரத்தை வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. உங்களை வெளியேற்றிய கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதினால், நீங்கள் ஒன்று சொல்ல, கோப்பு வேறொன்று சொல்லும். அத்தோடு உங்கள் நம்பகத்தன்மை போய்விடும்.

பணிக்கோப்பை எஸ்.எஃப். 180 படிவத்தில் செயின்ட் லூயிஸில் உள்ள தேசிய ஆவண மையத்திடம் கேட்கலாம், இணையம் வழியாகவும் கேட்கலாம். ‘டிடி 214 மட்டும்’ என்று கேட்டால் அது மட்டும்தான் வரும். முழுப் பணிக்கோப்பு, டிஸ்சார்ஜ் நடவடிக்கைக் காகிதங்கள் என்று எழுதிக் கேளுங்கள். மருத்துவக் குறிப்புகள் உங்கள் காலத்தவர்களுக்குப் பெரும்பாலும் வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் துறையிடம் இருக்கும். மனநலப் பிரிவின் குறிப்புகளைப் பல முகாம் மருத்துவமனைகள் தனியாக வைத்திருக்கும். அதனால் ‘மருத்துவக் கோப்பு’ என்று பொதுவாகக் கேட்டால் உங்களுக்கு மிகத் தேவையான அந்தத் தாள்கள் மட்டும் வராமல் போகும். மனநலக் குறிப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கோப்பு வந்ததும் பார்க்க வேண்டியவை: போருக்குப் போகுமுன் உங்களைப் பற்றிய மதிப்பீடுகள், திரும்பி வந்தபின் எழுதியவை, முதல் தண்டனை எந்தத் தேதியில், போருக்குப் பிந்தைய உடல்நலப் படிவத்தில் தூக்கமின்மை, கெட்ட கனவு என்று எதையாவது குறித்தீர்களா. போருக்கு முன் நல்ல மதிப்பீடு, பின்னால் சரிவு என்று தேதிகள் தாமாகவே பேசினால், அதைவிட வலுவான சாட்சி இல்லை.

இன்னொன்றையும் தேடுங்கள். வெளிநாட்டுப் போர்ப்பணிக்குப் போய்வந்த 24 மாதங்களுக்குள் ஒருவரை ‘அதர் தேன் ஹானரபிள்’ கொடுத்து நிர்வாக முறையில் அனுப்புவதானால், அவருக்குப் பிடிஎஸ்டியோ தலைக்காயமோ கண்டறியப்பட்டிருந்தாலும், தமக்கு அது இருப்பதாக அவர் தக்க காரணத்தோடு சொல்லியிருந்தாலும், அனுப்புமுன் மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 1177ஆம் பிரிவு. 2012இல் திரும்பிய உங்களை 2013இல் அனுப்பியிருக்கிறார்கள். அப்போதே மருத்துவரிடம் சொன்ன குறிப்பு ஒன்று இருந்து, பரிசோதனை நடக்காமல் இருந்தால், அது வெறும் இரக்க வாதம் அல்ல. நடைமுறையே தவறு என்ற வாதம்.

இப்போது எழுதுவதற்கு வருவோம். வாரியம் இரண்டு கேள்விகளைத்தான் பார்க்கிறது. சட்டமும் விதியும் பின்பற்றப்பட்டனவா? பின்பற்றப்பட்டிருந்தாலும் முடிவு நியாயமானதா? உங்கள் வாதங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் ஓரிரு வாக்கியத்தில் படிவத்திலேயே எழுதுங்கள். விளக்கத்தை இணைப்பில் வையுங்கள். படிவத்தில் எழுப்பிய ஒவ்வொரு வாதத்துக்கும் வாரியம் பதில் சொல்லக் கடமைப்பட்டது. பத்துப் பக்கக் கடிதத்தின் நடுவில் புதைந்த வாதம் கண்ணில் படாமலே போகலாம்.

உங்கள் வழக்கின் உயிர்நாடி 2017 ஆகஸ்ட் 25 அன்று பாதுகாப்புத் துறை வெளியிட்ட குறிப்பாணை. அதில் கையெழுத்திட்டவர் பெயரால் ‘கர்ட்டா மெமோ’ என்பார்கள். பிடிஎஸ்டி, தலைக்காயம், பிற மனநலக் கோளாறு, பாலியல் வன்முறை, பாலியல் துன்புறுத்தல் ஆகியவை தொடர்பான விண்ணப்பங்களைத் தாராள மனதோடு பார்க்க வேண்டும் என்கிறது அது. வாரியம் நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடும். நடத்தையை மன்னிக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ கூடிய நோயோ அனுபவமோ இருந்ததா? அது பணிக்காலத்தில் இருந்ததா? அது உண்மையிலேயே அந்த நடத்தையை விளக்குகிறதா? அந்த டிஸ்சார்ஜைவிட அது கனமானதா?

முதல் இரண்டில் பலர் தேறிவிடுகிறார்கள். பாதிக்கப்பட்டவரின் சொந்தச் சாட்சியமே போதுமானதாக இருக்கலாம் என்று மெமோவே சொல்கிறது. மூன்றாவதில்தான் விழுகிறார்கள். ‘எனக்குப் பிடிஎஸ்டி இருக்கிறது, ஆகவே மாற்றுங்கள்’ என்று எழுதினால் போதாது. தூங்குவதற்காகப் புகைத்தேன், கனவு வராமல் இருக்கப் புகைத்தேன் என்று நோய்க்கும் செயலுக்கும் நடுவே பாலம் கட்ட வேண்டும். போதைப்பொருளைப் பயன்படுத்தியது, சொல்லாமல் விடுப்பில் போனது, மேலதிகாரியிடம் சீறியது போன்றவற்றுக்கு இந்தப் பாலம் இயல்பாக நிற்கும். திருட்டு, போதைப்பொருள் விற்பனை, திட்டமிட்டுச் செய்த எதற்கும் அது நிற்பது கடினம்.

அதனால் மருத்துவரிடம் வெறும் ‘நோய் உறுதி’ சான்று வாங்கிக்கொண்டு வராதீர்கள். உங்கள் பணிக்கோப்பை அவரிடம் கொடுங்கள். கோப்பைப் படித்ததாக அவர் எழுத வேண்டும். அறிகுறிகள் எப்போது தொடங்கின, எந்த அனுபவத்திலிருந்து வந்தன, 2013இல் நடந்த செயலுக்கும் அந்த அறிகுறிகளுக்கும் என்ன தொடர்பு என்று அவர் வாயால் வர வேண்டும். ஒன்றரைப் பக்கம் போதும்.

உங்களுடைய சொந்த வாக்குமூலம் மூன்று பக்கத்துக்குள் இருக்கட்டும். நடந்ததை மறைக்காதீர்கள். கோப்பில் மூன்று தண்டனை இருந்து நீங்கள் ஒன்றை மட்டும் சொன்னால், மற்ற இரண்டும் உங்களுக்கு எதிராகப் பேசும். கூடப் பணியாற்றியவர்களின் கடிதத்தில் ‘நல்ல மனிதர்’ என்பதைவிட, எந்த மாதம், எந்த இடத்தில், எதைக் கண்ணால் பார்த்தார்கள் என்பது வேண்டும். வெளியேறிய பின் செய்த படிப்பு, வேலை, சிகிச்சை, சமூகப் பணி எல்லாவற்றுக்கும் தாள் இணையுங்கள். 2018 ஜூலை 25 அன்று வந்த ‘வில்கி மெமோ’ அப்படிப்பட்டவற்றையும் கருணையோடு எடைபோடச் சொல்கிறது. ‘ஹானரபிள்’ பெறக் குறையே இல்லாத பணி தேவையில்லை என்றும் அதில் இருக்கிறது. அந்த வரியை மேற்கோள் காட்டத் தயங்காதீர்கள்.

நேரில் விசாரணையா, தாள்களை வைத்து மட்டும் முடிவா என்று படிவம் கேட்கும். முதலில் தாள்வழி கேட்டுத் தோற்றால், 15 ஆண்டுக் கெடு முடியாதவரை மறுபடி நேர் விசாரணை கேட்கலாம். முதலிலேயே நேர் விசாரணை கேட்டுவிட்டால் அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. உங்களுக்குக் கெடு இருக்கும்வரை தாள்வழியில் தொடங்குவதே எங்கள் யோசனை. கெடு நெருங்கிவிட்டால் மட்டும் நேராக விசாரணை கேளுங்கள். குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு பார்க்கும். முடிவு வர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். விண்ணப்பித்ததால் இருக்கும் தரம் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். தரத்தைத் தாழ்த்த வாரியத்துக்கு அதிகாரம் இல்லை.

வென்றால், பழைய டிடி 214க்குத் திருத்தச் சீட்டாக டிடி 215 மட்டும் அனுப்பப் பார்த்தால் ஏற்காதீர்கள். திருத்தச் சீட்டு பழைய கறையையும் சேர்த்தே காட்டும். புதிய டிடி 214 வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

எனக்கு 2004இல் டிஸ்சார்ஜ் ஆனது. 15 வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. கதவு மூடிவிட்டதா?
— வாசகர், மிச்சிகன்

இல்லை. உங்களுக்கு ராணுவ ஆவணத் திருத்த வாரியம் இருக்கிறது. படிவம் டிடி 149. தவறோ அநீதியோ தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நீதியின் பொருட்டு அந்தக் கெடுவைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. மனநலம் சார்ந்த வழக்குகளில் காலக்கெடுவைத் தாராளமாகத் தளர்த்த வேண்டும் என்று 2016 பிப்ரவரியிலேயே பாதுகாப்புத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. ஏன் தாமதம் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். நோய் எப்போது கண்டறியப்பட்டது, இந்த வழி இருப்பது எப்போது தெரிந்தது என்று தேதியோடு எழுதுங்கள்.

இந்த வாரியத்தின் அதிகாரம் மறுஆய்வு வாரியத்தைவிடப் பெரியது. மறுசேர்க்கைக் குறியீடு, பதவித்தரம், டிஸ்சார்ஜை மருத்துவ ஓய்வாக மாற்றுவது எல்லாம் இங்கேதான். கெடுவுக்குள் இருப்பவர்கள் தர உயர்வுக்கு முதலில் 293 வழியே போய்விட்டு இங்கே வர வேண்டும். நீங்கள் நேராகவே வரலாம்.

என் தங்கை மகன் இன்னும் பணியில்தான் இருக்கிறான். ‘சாப்டர் 10’ என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் நீதிமன்ற விசாரணை இல்லாமல் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்களாம். போடலாமா?
— வாசகர், வாஷிங்டன் மாநிலம்

தனியாக உட்கார்ந்து போடக்கூடாது. இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்.

சாப்டர் 10 என்பது ராணுவ நீதிமன்ற விசாரணைக்குப் பதிலாகத் தானே கேட்டு வாங்கும் டிஸ்சார்ஜ். அதில் கையெழுத்திடுபவர், குற்றச்சாட்டில் ஏதோ ஒன்றையாவது செய்ததாக ஒப்புக்கொள்கிறார். பெரும்பாலும் கிடைப்பது ‘அதர் தேன் ஹானரபிள்’தான். கூடவே கடைநிலைத் தரத்துக்கு இறக்கப்படுவார். உண்மையிலேயே சிறைத்தண்டனை வரக்கூடிய வழக்கானால் அது நல்ல பேரமாக இருக்கலாம். வழக்கே பலவீனமாக இருந்தால், வெல்லக்கூடியதைக் கொடுத்துவிட்டு வருவதாகும். எது என்பதை குற்றம் சாட்டப்பட்டவருக்காக ராணுவமே இலவசமாகத் தரும் வழக்கறிஞர் குற்றச்சாட்டைப் படித்துச் சொல்வார். அவர் முகாம் தளபதியின் ஆள் அல்ல. உங்கள் பிள்ளையின் வழக்கறிஞர். அவரிடம் பேசுவது ரகசியம்.

குற்றச்சாட்டு இல்லாமல் வெறும் நிர்வாக நடவடிக்கையாக இருந்தால், வேறு ஓர் உரிமை உண்டு. ஆறு ஆண்டு பணி முடிந்தவர்களுக்கும், ‘அதர் தேன் ஹானரபிள்’ தர உத்தேசிக்கப்படுபவர்களுக்கும், மூன்று பேர் கொண்ட குழுமுன் விசாரணை கேட்கும் உரிமை. அங்கே சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், தன் சாட்சிகளைக் கொண்டுவரலாம். குழு பரிந்துரைத்த தரத்தைவிடக் கீழான தரத்தை மேலதிகாரி கொடுக்க முடியாது. இந்த உரிமையை விட்டுத்தருகிறேன் என்ற தாளும் கையெழுத்துக்கு வரும். ‘ஜெனரலுக்குக் குறையாமல் தந்தால் விட்டுத்தருகிறேன்’ என்று நிபந்தனையோடு விட்டுத்தரவும் வழி இருக்கிறது. அதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. பதில் சொல்லக் குறிப்பாணையில் கெடு இருக்கும். அது கடந்தால் உரிமையை விட்டுத்தந்ததாகவே கொள்வார்கள்.

வெளியே வந்தபின் வாரியத்தில் ஒரு வருடம் போராடிப் பெறுவதை, உள்ளே இருக்கும்போது ஒரு வாரத்தில் காப்பாற்றலாம். தாமதிக்க வேண்டாம்.

‘அதர் தேன் ஹானரபிள்’ வாங்கியவனுக்கு வி.ஏ. ஆஸ்பத்திரியில் சிகிச்சையே கிடையாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். உண்மையா?
— வாசகர், ஜார்ஜியா

உண்மை இல்லை, உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு. ராணுவம் கொடுத்த தரம் வேறு, உதவிக்குத் தகுதி உண்டா என்று வி.ஏ. தானே செய்யும் தீர்மானம் வேறு. டிஸ்சார்ஜ் ‘டிஸ்ஹானரபிள்’ நிலையில் ஆகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் வி.ஏ.யின் அளவுகோல். ‘அதர் தேன் ஹானரபிள்’ வாங்கியவர் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதை அவரவர் கோப்பைப் பார்த்து முடிவுசெய்வார்கள். மருத்துவத்துக்கு 10-10இஇசட், ஊனத்தொகைக்கு 21-526இஇசட் படிவத்தைப் போட்டால் இந்தத் தீர்மானம் தொடங்கும். வாசலில் வாய்மொழியாகச் சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தில் விண்ணப்பியுங்கள். எழுத்தில் மறுத்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும்.

சில தடைகள் சட்டத்திலேயே உள்ளன. தொடர்ந்து 180 நாளோ அதற்கு மேலோ சொல்லாமல் போயிருந்தால் அது ஒரு தடை. தக்க காரணம் காட்டினால் நீங்கும். இத்தகைய சூழ்நிலைகளைக் கணக்கில் எடுக்கும் விதிகளை வி.ஏ. 2024 ஜூன் 25 முதல் விரிவாக்கியிருக்கிறது. முன்பு மறுக்கப்பட்டவர்கள் மறுபடி விண்ணப்பிப்பது நல்லது. போர்ப்பகுதியில் இருந்தவர்களுக்கும், பணியில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும், ‘அதர் தேன் ஹானரபிள்’ இருந்தாலும் மனநல சிகிச்சை தர 2018 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

இரண்டு முறை ஒப்பந்தம் போட்டுப் பணியாற்றியவர்கள் கவனிக்க: முதல் ஒப்பந்தக் காலத்தை ஒழுங்காக முடித்திருந்தால், அந்தக் காலத்தில் வந்த காயத்துக்கு இரண்டாம் காலத்தின் கறை தடையாகாது. டிடி 214இல் அது ஒரே காலமாகத் தெரிவதால் விட்டுவிடுகிறார்கள். முதல் ஒப்பந்தத் தேதிகளைத் தனியாக எழுதிக் காட்டுங்கள்.

‘ஜெனரல்’ வாங்கியவர்களுக்கும் ஒரு சொல்: வி.ஏ.யின் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். ஆனால் 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் கல்வி உதவிக்கு முழு ‘ஹானரபிள்’ வேண்டும். ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பே அதில் அடங்கியிருப்பதால், ‘ஜெனரல்தானே, பரவாயில்லை’ என்று விடாமல் உயர்த்தக் கேளுங்கள்.

ராணுவ நீதிமன்றம் கொடுத்த ‘பேட் காண்டக்ட்’ டிஸ்சார்ஜையும் இப்படி மாற்ற முடியுமா?
— வாசகர், கலிபோர்னியா

தீர்ப்பை எதிர்க்க மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் வழி. மேல்முறையீடுகள் முடிந்தபின், வாரியங்கள் குற்றத்தீர்ப்பைத் தொடாமல் கருணை அடிப்படையில் தரத்தை மட்டும் உயர்த்தலாம். சிறப்பு ராணுவ நீதிமன்றம் கொடுத்ததானால் 15 ஆண்டுக்குள் 293. பொது ராணுவ நீதிமன்றம் கொடுத்ததானால் மறுஆய்வு வாரியம் தொடாது, 149 மட்டும். ‘நான் செய்யவில்லை’ என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. தண்டனைக்குப் பின் வாழ்ந்த வாழ்க்கையைத் தாளில் வையுங்கள்.

தமிழ் தெரிந்ததால் மாவ்னி திட்டத்தில் சேர்ந்து, பயிற்சி முடிந்ததும் குடியுரிமை வாங்கினேன். மூன்றாவது வருடம் ‘அதர் தேன் ஹானரபிள்’. குடியுரிமை போய்விடுமா?
— வாசகர், நியூ ஜெர்சி

குடியேறாத வெளிநாட்டவரை மொழித்திறனுக்காகச் சேர்த்துக்கொண்ட அந்தத் திட்டத்தில் தமிழும் இருந்ததால், இந்தக் கேள்வி நம்மவர்களில் பலரைத் தொடும். 2016இல் புதுச் சேர்க்கை நின்றுவிட்டாலும் அதன் விளைவுகள் நிற்கவில்லை.

ராணுவப் பணியின் பேரில் குடியுரிமை பெற்றவர், மொத்தம் ஐந்தாண்டு கௌரவமான பணியை முடிக்குமுன் ‘அதர் தேன் ஹானரபிள்’ நிலையில் வெளியேறினால், அந்தக் குடியுரிமையை ரத்துசெய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. ‘செய்யலாம்’ என்பதுதான் சொல். தானாகப் போகாது. அரசு கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, அங்கே உங்கள் வாதத்தையும் கேட்டபின்தான் ரத்தாகும். ஆனாலும் தலைக்குமேல் தொங்கும் கத்தி அது. தரம் ‘ஜெனரலுக்கு’ உயர்ந்தாலே இந்த ஆபத்து நீங்கிவிடும். ஆகவே முழு ‘ஹானரபிள்’ கேளுங்கள், மாற்றாகக் குறைந்தது ‘ஜெனரல்’ என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இன்னும் கிரீன் கார்டில் இருப்பவர்கள், போதைப்பொருள் பயன்படுத்தியதை வாரியத்துக்கு எழுத்தில் ஒப்புக்கொள்ளுமுன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். வாரியத்தில் உங்களுக்கு உதவும் அதே வாக்குமூலம், வெளிநாடு போய்த் திரும்பும்போது உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். டிஸ்சார்ஜ் வழக்கு மட்டும் நடத்துபவர்கள் சிலர் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டு வாரியமும் மறுத்துவிட்டன. நீதிமன்றம் போகலாமா? வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை.
— வாசகர், இல்லினாய்

போகலாம். 2019 டிசம்பர் 20 அன்றோ பின்னரோ டிஸ்சார்ஜ் ஆனவரானால், நீதிமன்றத்துக்கு முன் இன்னொரு படி உண்டு: இரண்டு வாரியமும் மறுத்த தர உயர்வு வழக்குகளுக்கென்றே அமைத்த மேல்முறையீட்டு மறுஆய்வு வாரியம். புதிதாக மருத்துவர் கடிதமோ சாட்சியோ கிடைத்திருந்தால், ஆவணத் திருத்த வாரியத்திடமே மறுபரிசீலனையும் கேட்கலாம். முன்பு வைக்காத ஆதாரத்தோடு வந்தால் அதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

நீதிமன்றத்தில் இரண்டு வழி. வாரியத்தின் முடிவு காரணமற்றது, ஆதாரத்தைப் பார்க்காதது என்று கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். வாரியம் இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஆறு ஆண்டு. அங்கே புதிய சாட்சி எடுபடாது. வாரியத்தின் முன் இருந்த தாள்களை வைத்தே நீதிபதி பார்ப்பார். வென்றாலும் பெரும்பாலும் ‘மறுபடி ஒழுங்காகப் பாருங்கள்’ என்று வாரியத்துக்கே அனுப்புவார். அதனால்தான் தாள்களை முதல் விண்ணப்பத்திலேயே முழுமையாக வைக்கச் சொல்கிறோம்.

தவறாக வெளியேற்றியதால் இழந்த சம்பளம் வேண்டுமென்றால், வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இதற்கும் ஆறு ஆண்டுதான், ஆனால் கணக்கு டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து ஓடுகிறது. வாரியத்தில் வழக்கு நிலுவையில் இருந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. 2003இல் மார்டினெஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிசெய்துவிட்டது. சம்பளம் கேட்கும் எண்ணம் இருந்தால், ஐந்தாம் ஆண்டு முடியுமுன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்து ராணுவத்தினருக்கு இன்னொரு செய்தி. பிடிஎஸ்டி போன்ற காரணம் சொல்லியும் மறுக்கப்பட்டவர்களுக்காக யேல் சட்டக்கல்லூரியின் முன்னாள் படைவீரர் சட்ட உதவி மையம் நடத்திய கென்னடி வழக்கில், 2021இல் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. 2011 ஏப்ரல் 17 முதல் ராணுவ மறுஆய்வு வாரியம் மறுத்த பல வழக்குகளை மறுபடி பார்க்க ராணுவம் ஒப்புக்கொண்டது. உங்கள் மறுப்பு ஆணையின் தேதியை எடுத்துப் பாருங்கள்.

பணத்துக்கு அஞ்ச வேண்டாம். அமெரிக்கன் லீஜியன் போன்ற படைவீரர் அமைப்புகள் கட்டணமின்றி உதவுகின்றன. நேஷனல் வெட்டரன்ஸ் லீகல் சர்வீசஸ் புரோகிராம், தி வெட்டரன்ஸ் கன்சார்ஷியம் ஆகியவை தகுதியுள்ள வழக்குகளுக்கு இலவச வழக்கறிஞரைத் தேடித் தருகின்றன. பல சட்டக்கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் இந்த வழக்குகளை நடத்துகிறார்கள். அவர்களுக்கு நேரம் இருப்பதால் கோப்பை வரிவரியாகப் படிப்பார்கள். வி.ஏ.யில் முதன்முறை போடும் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு யாராவது கட்டணம் கேட்டால், அது சட்டப்படி கூடாது, கொடுக்காதீர்கள். அவர்களிடம் போகும்போது டிடி 214இன் முழுப்பிரதி, இரண்டு மறுப்பு ஆணைகள், மருத்துவக் குறிப்பு நான்கையும் ஒரே உறையில் எடுத்துச் செல்லுங்கள். மறுப்பு ஆணையின் கடைசிப் பக்கங்களில் வாரியம் எந்த வாதத்தை ஏன் ஏற்கவில்லை என்று எழுதியிருக்கும். அடுத்த விண்ணப்பத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.